வெள்ளை அந்துக்குச் சிவப்பு அரைநிலா

பினாங்கு விமான நிலையத்தில் முக்காடு அணிந்த மலாய் அதிகாரி, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத வாய் எனக்கு. "அந்துப்பூச்சி பார்க்க" என்றேன். அவர் கடவுச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரிடம் மலாயில் ஏதோ சொல்ல, இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற தமிழர் ஒருவர் எட்டி, "உங்க ஊர்ல பூச்சியெல்லாம் தீந்து போச்சான்னு கேக்குறாங்கம்மா" என்று மொழிபெயர்த்தார். அதற்குள் என்னை உள்ளே விட்டுவிட்டார்கள்.

தீரவில்லை, நிறையவே இருக்கின்றன. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆய்வக உதவியாளர். பதினைந்து வருடமாக அந்துப்பூச்சிகளை இறக்கைக் குறிகளை வைத்து இனம் காண்பது என் பைத்தியம். என்னைப் போன்ற பைத்தியங்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் பினாங்குத் தமிழர் செல்வம் தம்பி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு படம் போட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே இறங்கியது, ஆனால் கை எப்போதும் போனில்தான் இருந்தது.

சுண்டுவிரல் நகம் அளவே இருக்கும் சின்ன வெள்ளை அந்து. இறக்கையின் கீழோரத்தில் புடவைக் கரைபோல மெல்லிய பழுப்புக் கோடு. இறக்கைகளை மடித்து உட்காரும்போது, இரண்டும் சேரும் இடத்தில் அப்பட்டமான சிவப்பு வட்டம். ஒரே ஒரு படத்தில் இறக்கை சற்று விரிந்திருந்தது. அதில் இந்தப் பக்கம் பாதி வட்டம், அந்தப் பக்கம் பாதி வட்டம்! எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்று கிடையாது. நாங்கள் அதற்கு 'அரைநிலா' என்று பெயர் வைத்துக் கொஞ்சினோம்.

செல்வத்துக்குக் கடல் பாலத்துக்கு அந்தப்புறம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. தொழிற்சாலைக்கு வெளியே தொழிலாளர்கள் கட்டிய சின்ன முனீஸ்வரர் கோயில், அதில் ஒரு டியூப் லைட். காலையில் வேலைக்குள் நுழையும் முன் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் படமெடுப்பார். "சாமி எடத்துல எதையும் பிடிச்சுக் கொல்ல மாட்டேங்கா" என்பதால் கையில் உருப்படி எதுவும் இல்லை, வெறும் படங்கள்தான். சிலவற்றில் நிலா பெரிதாக இருந்தது, சிலவற்றில் கோணலாக இருந்தது. வயதுக்கேற்ப மாறும் என்று நான் விளக்கம் சொன்னேன். நிலாவே இல்லாத வெள்ளை அந்துகளும் அவ்வப்போது வருவதாகச் சொன்னார். அவை பெண், நிலா உள்ளவை ஆண் என்று தீர்ப்பும் சொன்னேன். பேசுவதற்குக் காசா, பணமா?

இப்போது விஷயம் பெரிதாகிவிட்டது. கெலுகோரில் இயற்கை ஆர்வலர்கள் கூடும் மண்டபத்தில் சனிக்கிழமை செல்வம் பேசப்போகிறார். வாழ்க்கையில் முதல்முறையாக மைக் பிடிக்கப்போகிறார். அவர் மகள் யாழினி கெலுகோரில்தான் உயிரியல் படிக்கிறாள். அவளுடைய விரிவுரையாளர்கள் இருவர் வருகிறார்களாம். "அக்கா, நீங்க ஒரு தடவ நேர்ல பாத்து 'சரிதான்'னு சொல்லிட்டா எனக்குத் தைரியம் வந்துரும்" என்றார். பள்ளிக்கு விடுமுறை. கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை முழுக்கச் சாப்பாடு. டத்தோ கிராமாட்டில் செல்வம் வீட்டுக்குள் காலை வைத்ததும் அவர் மனைவி மல்லிகா கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" என்ன அழகான சொல்! எங்கள் ஊரில் "டிபன் ஆச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தமிழ் வளர்க்கிறோம். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுவது. நான் அன்று மூன்று முறை பசியாறினேன்.

மதியம் நாசி கண்டார் கடை. கல்லாவில் இருந்த தமிழ் முஸ்லிம் பாய் என்னைப் பார்த்ததுமே, "இந்தியாவுலேருந்தாம்மா? எங்க தாத்தா கடையநல்லூரு" என்றார். தென்காசிக்குப் பக்கத்து ஊர்! அவ்வளவுதான், எனக்கு மட்டும் கோழிக்கால் ஒன்று கூடுதலாக விழுந்தது. அப்புறம் கரண்டியை எடுத்தார். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு, இறால், இன்னும் என்னவோ ஒரு கறுப்புக் குழம்பு, எல்லாவற்றையும் ஒரே சோற்றின் மேல் மளமளவென்று ஊற்றினார். "அண்ணே, நிறுத்துங்க!" என்று அலறினேன். "கலந்தாத்தாம்மா ருசி" என்றார். எங்கள் வீட்டில் சாம்பாரில் ரசம் ஒரு துளி பட்டால் பெரிய சண்டையே நடக்கும். இங்கே அஞ்சு குழம்பும் ஒரே தட்டில் கட்டிப்பிடித்துக் கிடந்தன. தட்டை வழித்துத் தின்றேன் என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை விடியுமுன் செல்வத்தின் கார் கிளம்ப மறுத்தது. "காடி பேட்டரி செத்துப் போச்சுக்கா. மோட்டோல போயிரலாம்லா" என்றார். மோட்டோ என்றால் மோட்டார் சைக்கிள். மழைச்சட்டையை நான் ஒழுங்காகப் போட்டுக்கொள்ள, அவர் கழற்றச் சொல்லி முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார். ஆளைக் கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தால், பாலத்தில் போகிற அத்தனை பேரும் சட்டையைத் திருப்பித்தான் மாட்டியிருக்கிறார்கள்! எதிர்காற்று உள்ளே புகாமலிருக்க இதுதான் வழக்கமாம். கடலுக்கு மேலே, பொழிகிற மழையில், பித்தான் முதுகில் இருக்க, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகிப் போனேன். சந்தோஷத்தில் கூவினேன். செல்வம் பயந்து வண்டியை ஓரங்கட்டி, "விழுந்துட்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

அடுத்த அதிசயம், ஏழு மணி ஆகியும் அங்கே விடியவில்லை. சூரியனுக்கே அந்த ஊரில் சோம்பல்தான். கோயிலில் மழைச் சாரல் அடித்துச் சுவரெல்லாம் ஈரம். பச்சையில் ஒன்று, புள்ளிபோட்ட பழுப்பில் நாலு, அவ்வளவுதான். அரைநிலா இல்லை. "நாளைக்கு இன்னும் சீக்கிரம் வருவோம் தம்பி. நீங்க எப்பவும் ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் வர்றீங்க. ஆறேகாலுக்கு வந்தா நெறைய இருக்கும்" என்றேன். எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவதில் எனக்கு நிகர் நான்தான்.

வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்குப் போனோம். மழை இல்லை. டியூப் லைட்டைச் சுற்றி வெள்ளை அந்து மூன்று ஒட்டியிருந்தன. ஓடிப்போய்க் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் நிலா இல்லை! "எல்லாமே பொண்ணா இருக்கே தம்பி" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு மோட்டோ வந்து நின்றது. இறங்கியவர் அதே தொழிற்சாலையின் துப்புரவுப் பணியாளர் சரசு அக்கா. நீலச் சீருடை, அதன் மேல் காற்றுக்குத் திருப்பி மாட்டிய சட்டை, கையில் பூக்கூடை. தினமும் வேலைக்கு முன் கோயிலில் விளக்கேற்றிவிட்டுப் போவது அவர்தானாம்.

விளக்கேற்றினார். முனீஸ்வரருக்குக் குங்குமம் வைத்தார். அரிவாளுக்கு வைத்தார். மணிக்கு, சுவிட்ச் பெட்டிக்கு, உண்டியலுக்கு, தன் மோட்டோவின் முகவிளக்குக்கு, எங்கள் மோட்டோவின் முகவிளக்குக்கு வைத்தார். என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழம அதுவுமா நெத்திய இப்படி வச்சிருக்கீங்களே" என்று எனக்கும் ஒன்று வைத்தார். பிறகு டியூப் லைட்டை அணைத்தார். மூன்றில் இரண்டு வெள்ளை அந்துகள் எழும்பித் தகரக் கூரைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் அப்படியே இருந்தது.

சரசு அக்கா ஊதுபத்திக் குச்சியின் அடிமுனையைக் குங்குமத்தில் தொட்டார். சுவரருகே குனிந்தார். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அந்த அந்தின் இரண்டு இறக்கையும் சேரும் இடத்தில் மெல்ல ஒரு ஒற்று ஒற்றினார். சிவப்பாக, வட்டமாக, நிலா உதித்தது.

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "என்னம்மா, தேளா?"

"அக்கா, அதுக்கு எதுக்குப் பொட்டு?"

"எதுக்குன்னா? தெனமும் சாமி கும்பிட வருதுல்ல. மோட்டோவுக்கே வைக்கிறோம், உசுருள்ளதுக்கு வைக்கக் கூடாதா?"

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு வருட ஆராய்ச்சி! வயதுக்கேற்ப மாறும் நிலா! கோணல் நிலாவெல்லாம் அக்கா அவசரமாக வேலைக்கு ஓடிய நாட்கள். சிரித்து ஓய்ந்து திரும்பிப் பார்த்தால், செல்வம் சிரிக்கவில்லை. தலைக்கவசத்தைத் தரையில் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நான் நாளைக்குப் போகலக்கா. காய்ச்சல்னு சொல்லிர்றேன். எம் மக மொகத்துல நான் முழிக்கணும்ல?" என்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நூற்றுக்கு நூறு இயற்கைக் குறி என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கு இது விடுமுறைக் கூத்து. ஊருக்குப் போய்க் கதை சொல்லிச் சிரிப்பேன். அவர் இங்கேயே இருக்க வேண்டியவர். வெட்கமாக இருந்தது.

மாலையில் மல்லிகா வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொண்டுவந்து வைத்து, விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார். "குங்குமத்தையா ரெண்டு வருசமா ஆராய்ச்சி பண்ணீங்க?" யாழினியும் போனில் வந்து, "அப்பா, என் லெக்சரர் ரெண்டு பேரும் கன்ஃபார்மா வராங்க. சொதப்பிடாதீங்க" என்று வைத்துவிட்டாள். செல்வத்தின் கூட்டாளிகள் எட்டுப் பேர் அந்தப் பூச்சிப் படம் அச்சடித்த டி-சட்டை தைத்து வாங்கியாயிற்று. பின்வாங்க வழியில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் அரித்தது. அந்தச் சுவரில் வேறு எத்தனையோ பூச்சி உட்காருகிறது. எதற்குமே பொட்டு இல்லாமல் இது ஒன்றுக்கு மட்டும் ஏன்? சரசு அக்காவுக்குப் போன் போட்டோம்.

"மத்ததுக்கெல்லாம் கடவுளே புள்ளி, கோலம்னு போட்டு அனுப்பியிருக்காரும்மா. இந்த வெள்ளதான் பாவம் வெறுசா இருந்துச்சு" என்றார்.

"வெள்ளையிலயும் சிலதுக்கு வைக்கலையே அக்கா?"

"அது வேற வெள்ளலா! லைட்ட அடைச்சா எந்திரிச்சுப் போயிரும், நிக்காது. பக்தி இல்லாத ஜென்மம். அதுக்கு ஓரத்துல ரெண்டு கோடு இருக்கும், நிக்கிறதுக்கு ஒரு கோடுதான். பாத்தாலே தெரியுமே, நீங்க படிச்சவங்க இல்ல?"

வாழைப்பழத்தைத் தட்டில் போட்டேன். செல்வத்தின் போனைப் பிடுங்கி ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கினேன். பொட்டு வைத்தவை நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலும் ஓரத்தில் ஒரே கோடு. பொட்டில்லாத வெள்ளைகளைத் தேடினேன். மூன்று இருந்தன. மூன்றிலும் பழுப்புக் கோட்டுக்கு உள்ளே மயிரிழை போல இன்னொரு கோடு! இரண்டு வருடத்தில் அந்த மனுஷி ஒரு தடவைகூடத் தவறான பூச்சிக்குப் பொட்டு வைக்கவில்லை. ஆணுமில்லை, பெண்ணுமில்லை, இவை இரண்டும் வெவ்வேறு இனம்! கொண்டுபோயிருந்த புத்தகத்தைப் புரட்டினேன். ஒற்றைக் கோடு சாதாரணமானது, எங்கும் உண்டு. இரட்டைக் கோட்டுக்குப் பினாங்கில் இருந்ததாகக் குறிப்பே இல்லை. எழுந்து நின்று குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

"தம்பி, ரெண்டு கோட்டுப் படம் மீதியெல்லாம் எங்க?"

செல்வம் தலையைக் குனிந்துகொண்டார். "அழிச்சிட்டேங்கா. நீங்கதானே வெறும் பொண்ணுன்னு சொன்னீங்க? போன்ல எடம் இல்லன்னு அப்பப்ப அழிச்சிருவேன்."

என் வாயை ஊசி நூல் வைத்துத் தைத்தால் தேவலை என்றிருந்தது.

சனிக்கிழமை கெலுகோர் மண்டபத்தில் அறுபது பேர். எட்டு டி-சட்டைகள் கடைசி வரிசையில் விசில் அடித்துக்கொண்டிருந்தன. பச்சை மலாய்ச் சட்டையில் சரசு அக்காவையும் கையோடு இழுத்து வந்திருந்தேன். முன்வரிசையில் யாழினி, அவள் பக்கத்தில் விரிவுரையாளர்கள். அந்தக் கோடியில் இயற்கை ஆர்வலர் குழுவின் மூத்த உறுப்பினரான சீனர், மடியில் கண்ணாடி மூடி போட்ட பூச்சிப் பெட்டி. செல்வம் மேடை ஏறினார். மைக் கரகரத்தது. சிவப்பு நிலா படம் திரையில் விழுந்ததும் கூட்டம் "ஆ" என்றது. அவர் மலாயில் சொன்னதைப் பக்கத்திலிருந்த மல்லிகா என் காதில் மொழிபெயர்த்தார்: "இது புது இனம்னு சொல்லத்தான் வந்தேன். இது குங்குமம். எங்க கோயில்ல ஒரு அக்கா வச்ச பொட்டு."

மண்டபமே வெடித்தது. சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. யாழினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. செல்வம் ஓடவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார். நின்று, ஒரு கோட்டையும் இரண்டு கோட்டையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டினார். யார் அதைப் பிரித்தது என்றும் சொன்னார்.

சீனப் பெரியவர் எழுந்தார். "என்னிடம் பத்து வெள்ளை அந்து இருக்கின்றன. எல்லாம் ஒரே பெயரில்தான் வைத்திருக்கிறேன். அந்த அம்மா பார்க்கட்டும்" என்றார். பெட்டியை மேசையில் வைத்தார்கள். சரசு அக்கா கண்ணாடி கூடக் கேட்கவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடியின் மேல் விரலால் தட்டினார். "இது நிக்கும். இது நிக்கும். இது ஓடிரும். இது நிக்கும்..." ஏழு நின்றன, மூன்று ஓடின. பெரியவர் என் உருப்பெருக்கியை வாங்கி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "இத்தனை வருடம் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டு நான் இதைப் பார்க்கவில்லை" என்றார்.

கைதட்டல் எழும்ப, அவர் கையை உயர்த்தி அடக்கினார். செல்வத்திடம் கேட்டார்: "பெட்டியில் இருப்பவை எங்கே பிடித்தவை என்று நான் எழுதி வைக்கவில்லை. பிறையில் இந்த இரட்டைக் கோடு இருக்கிறது என்று பூச்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால், எந்தெந்த மாதம் வந்தது என்று தேதியோடு படங்கள் வேண்டும். மூன்று போதாது. மற்றவை?"

செல்வம் மைக்கைக் கீழே இறக்கினார். "அழிச்சிட்டேன்" என்று தமிழிலேயே சொன்னார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

முன்வரிசையில் யாழினி எழுந்து நின்றாள். போன் திரையை விரலால் வேகமாகத் தள்ளிக்கொண்டே மேடைப் படி ஏறினாள்.

"அப்பா, தெனமும் காலைல எனக்கு அனுப்புவீங்கல்ல? எடுத்ததெல்லாம் அனுப்புவீங்கல்ல?" என்றாள். "இருக்குப்பா. தேதியோட, எல்லாம் இருக்கு."

செல்வம் அவளையே பார்த்தார். "நீ அதெல்லாம் பாக்குறியா பாப்பா?"

"ஒண்ணுகூட பாத்ததில்லப்பா" என்றாள். "ஆனா, ஒண்ணையும் அழிச்சதுமில்ல."

மேடை ஓரத்திலேயே இரண்டு பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவள் முதல் படத்தைத் திறந்து அப்பாவிடம் நீட்டி, "இது எத்தன கோடு, சொல்லுங்க" என்று கேட்டாள்.